கூர்பேயின் ஓவியத்தில் போதலேருக்குப் பக்கத்தில் இருந்த பெண்

கேள்வி இதுதான்: பிரெஞ்சு யதார்த்தவாத ஓவியர் கூர்பே வரைந்த 'ஓவியனின் பணிக்கூடம்' என்ற பெரிய ஓவியத்தில், கவிஞர் போதலேருக்குப் பக்கத்தில் அவருடைய நீண்டகாலத் துணைவி ழான் டுவாலும் இருந்தார், பிறகு அழிக்கப்பட்டார் என்கிறார்களே, உண்மையா? உண்மையென்றால் ஏன் அழித்தார்கள்? அழித்த உருவம் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது என்பது எப்படி?

உண்மைதான். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது அந்த ஓவியம். 3.61 மீட்டர் உயரம், 5.98 மீட்டர் அகலம். அதன் வலது கோடியில் மேசைமேல் உட்கார்ந்து ஒரு பெரிய புத்தகத்தில் தலை கவிழ்ந்திருப்பவர் ஷார்ல் போதலேர். அவர் தலைக்குப் பக்கத்தில் இருக்கும் பழுப்புச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு பெண்ணின் முகமும் தோளும் மங்கலாகப் பிடிபடும். அவர்தான் ழான் டுவால். பார்ப்பவரின் கற்பனையோ, பிற்காலத்தில் கட்டிவிட்ட கதையோ இல்லை. அவர் அந்த இடத்தில் இருக்கப்போகிறார் என்பதைக் கூர்பேயே எழுத்தில் சொல்லியிருக்கிறார்.

1854-ஆம் ஆண்டின் கடைசியில் தன் சொந்த ஊரான ஓர்னானிலிருந்து நண்பரும் விமர்சகருமான ஷாம்ஃப்ளூரிக்குக் கூர்பே ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஓவியம் அப்போது பாதி வேலையில் இருந்தது. அதில் யார் யார், எங்கே, என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போகிறார். இடப்பக்கம் சாதாரண உலகம்: ஏழைகள், பணக்காரர்கள், சுரண்டுகிறவர்கள், சுரண்டப்படுகிறவர்கள், சாவை வைத்துப் பிழைக்கிறவர்கள். வலப்பக்கம் அவருடைய 'பங்குதாரர்கள்', அதாவது நண்பர்களும் கலையில் அக்கறையுள்ளவர்களும். நடுவில் ஒரு நிலக்காட்சியை வரைந்துகொண்டு கூர்பே, பின்னால் ஆடையற்ற மாடல், எதிரே வாய் பிளந்து பார்க்கும் ஒரு சிறுவன், காலடியில் ஒரு வெள்ளைப் பூனை. வலது கோடிக்கு வரும்போது போதலேர் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதிவிட்டு, அவருக்குப் பக்கத்தில் கறுப்பினப் பெண் ஒருத்தி மிகுந்த ஒய்யாரத்தோடு கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று சேர்க்கிறார். போதலேருக்குப் பெயர் உண்டு, அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. அந்த வட்டாரத்தில் போதலேருக்குப் பக்கத்தில் அப்படி ஒருவரை நிறுத்தினால் அது யார் என்று யாரும் கேட்கவேண்டியதில்லை என்பதால் இருக்கலாம். இருந்தாலும் அந்த விடுபடல் எனக்கு உறுத்துகிறது.

யார் அழித்தது என்ற கேள்விக்கு வருவதற்கு முன்னால் ஓவியத்தின் வலது பாதியை ஒரு தடவை கவனமாகப் பார்க்கச் சொல்வேன். பலரும் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பாதியில் ஜோடிகள் இருக்கிறார்கள். முன்பக்கம் விலையுயர்ந்த சால்வை போர்த்திய சீமாட்டி, பக்கத்தில் அவர் கணவர். பணிக்கூடத்தைப் பார்வையிட வந்த வசதியான தம்பதி. பின்னால் ஜன்னல் ஓரத்தில் ஒருவரை ஒருவர் அணைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு காதலர்கள், உலகத்தைப் பற்றிக் கவலையே இல்லாதவர்கள். மூன்றாவது ஜோடி போதலேரும் ழானும். சட்டப்படி மணந்தவர்கள், காதலில் புதிதாக விழுந்தவர்கள், மணம் செய்துகொள்ளாமலே பல ஆண்டுகள் சேர்ந்தும் பிரிந்தும் வாழ்ந்தவர்கள் என்று மூன்று வகை உறவுகளையும் கூர்பே ஒரே பாதியில் வைத்திருந்தார். மூன்றாவது ஜோடியை அவர் அமைத்த விதம்தான் எல்லாவற்றிலும் கூர்மையானது: அவர் கண் புத்தகத்தில், இவர் கண் கண்ணாடியில். அருகருகே இருந்தும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ஒருவரை அழித்ததும் என்ன ஆயிற்று? போதலேர் தனி ஆள் ஆகிவிட்டார். இன்று பாடப்புத்தகங்களில் வெட்டி எடுத்துப் போடப்படும் அந்தப் பகுதியைப் பார்க்கிறவர்களுக்கு, கூட்டத்திலிருந்து ஒதுங்கிப் புத்தகத்தில் மூழ்கிப்போன தன்னந்தனிக் கவிஞன் என்ற சித்திரம் கிடைக்கிறது. நவீன கவிஞன் என்றால் தனியன் என்ற எண்ணத்துக்கு அது எடுப்பாகப் பொருந்தியும் போகிறது. ஆனால் கூர்பே தீட்டத் தொடங்கியது தனியனை அல்ல. நமக்குக் கிடைத்திருப்பது ஓர் இரட்டை உருவப்படத்தின் ஒரு பாதி. இந்த ஓவியத்தைப் பற்றி யாராவது என்னிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இருவருமே இதற்காகக் கூர்பேக்கு முன்னால் வந்து உட்காரவில்லை. ஓவியம் ஓர்னானில், பாரிஸிலிருந்து வெகு தொலைவில், 1854 இலையுதிர்காலம் தொடங்கி 1855 வசந்தம் வரை தீட்டப்பட்டது. நண்பர்கள் பலரையும் கூர்பே தன்னிடமிருந்த பழைய உருவப்படங்களைப் பார்த்தே இதில் சேர்த்தார். போதலேருக்கும் அப்படி ஒரு பழைய படம் இருந்தது. 1848-ஐ ஒட்டி வரைந்த சிறிய ஓவியம், இப்போது மோன்பெலியே நகரின் ஃபாப்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒட்ட வெட்டிய முடி, வாயில் புகைக்குழாய், மேசையில் திறந்த புத்தகம், மைக்கூட்டில் செங்குத்தாக நிற்கும் இறகுப் பேனா. அந்தக் காலத்தில் இருவரும் நெருங்கிய நண்பர்கள். 1848 புரட்சியின்போது போதலேரும் ஷாம்ஃப்ளூரியும் சேர்ந்து நடத்திய 'பொதுநலம்' என்ற இரண்டே இதழ் வந்த பத்திரிகைக்குக் கூர்பே படம் வரைந்து கொடுத்தார். உருவப்படம் வரையும்போது, இந்த மனிதரின் முகம் தினமும் மாறுகிறது, எப்படி முடிப்பேன் என்று கூர்பே அலுத்துக்கொண்டதை ஷாம்ஃப்ளூரி பதிந்து வைத்திருக்கிறார். ஏழு ஆண்டுகள் கழித்து அதே குனிந்த தலையைப் பெரிய ஓவியத்துக்குக் கொண்டுபோனார். சின்னப் படத்தில் தனியாகப் படித்துக்கொண்டிருந்தவருக்குப் பெரிய படத்தில் ஒரு துணையைச் சேர்த்தார். பிறகு அதை எடுத்துவிட்டார்.

ழான் டுவாலைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கரீபியன் பக்கத்து வேர்கள் கொண்ட கலப்பினப் பெண். டுவால், லெமேர், ப்ரோஸ்பேர் என்று பல குடும்பப் பெயர்களில் ஆவணங்களில் வருகிறார். கடன்காரர்களிடமிருந்து தப்பிக்கப் பெயர் மாற்றுவது அந்தக் கால பாரிஸில் புதிதல்ல. சின்ன நாடகக் கொட்டகை ஒன்றில் சில்லறை வேடங்களில் அவரைப் பார்த்ததாகப் புகைப்படக்காரர் நாதார் எழுதியிருக்கிறார். போதலேர் அவரைச் சந்தித்தது 1842-இல், இருபத்தொரு வயதில்.

அதற்கு முந்திய ஆண்டு நடந்த ஒரு பயணத்தைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். மகனின் போக்கு பிடிக்காத மாற்றாந்தகப்பன் ஓப்பிக், அவரைக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். போதலேர் மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளோடு நிறுத்திக்கொண்டு திரும்பிவிட்டார். இந்தியாவைப் பார்க்கவே இல்லை. ஆனால் அந்தத் தீவுகளில் இந்தியர்களைப் பார்த்தார். 'மலபார்ப் பெண்ணுக்கு' என்று அவர் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். அந்தத் தீவுகளில் மலபார் என்ற பெயர் கேரளக் கரையோடு நிற்பதில்லை. ரீயூனியனில் இன்றும் தமிழ் வம்சாவளியினரை அப்படித்தான் அழைக்கிறார்கள். அந்தப் பயணத்தின் கடலும் வெயிலும் வாசனைகளும் பின்னால் ழானைப் பற்றிய கவிதைகளுக்குள் நிரம்பி வழிந்தன. அவருடைய கூந்தலைப் பற்றிய புகழ்பெற்ற கவிதையில் கூந்தல் கருங்கடலாகிறது, அதில் பாய்மரங்கள் அசைகின்றன, துறைமுகம் வருகிறது. 1857-இல் வெளிவந்த 'தீமையின் மலர்கள்' தொகுப்பில் ழானை மையமாகக் கொண்ட கவிதைகள் ஒரு தனி வரிசையாகவே இருக்கின்றன. நீதிமன்றம் தடை செய்த ஆறு கவிதைகளில் நகைகளை மட்டும் அணிந்த பெண்ணைப் பாடும் கவிதையும் ஒன்று. அதுவும் இவருக்கே உரியதாகக் கருதப்படுகிறது.

கவிதையை விட்டுக் கடிதங்களுக்கு வந்தால் வேறொரு மனிதர் தெரிகிறார். 1845-இல் தற்கொலைக்கு முயன்றபோது தனக்குரிய எல்லாவற்றையும் ழானுக்கே விட்டுச்செல்வதாக எழுதினார். 1852 மார்ச்சில் தாய்க்கு எழுதிய கடிதத்திலோ ழானைப் பற்றிக் கொட்டித் தீர்க்கிறார். என் வேலைக்கு இடைஞ்சல், என்னோடு எதையும் பேசமுடியாது என்று தொடங்கி, எனக்கு ஆறுதலாக இருந்த ஒரே பூனையையும் விரட்டிவிட்டு, எனக்கு நாய்களைப் பார்த்தால் ஆகாது என்று தெரிந்தே நாய்களைக் கொண்டுவந்து வைத்தாள் என்பது வரை போகிறது புகார். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் பணமில்லாமல் பல ஆண்டுகள் கிடந்தால் சண்டை எந்த அளவுக்கு இறங்கும் என்பதற்கு அந்தப் பூனையும் நாய்களும் போதும். நமக்குக் கேட்பது ஒரு தரப்பு மட்டும்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ழானின் கடிதம் ஒன்றுகூடப் பிழைத்து வரவில்லை.

இப்போது அந்த முக்கியமான மாதங்களுக்கு வருவோம். 1854 டிசம்பர் தொடக்கத்தில் போதலேர் தாய்க்கு எழுதுகிறார்: தனியாக இருக்க முடியவில்லை, குடும்பம் போல ஒன்று வேண்டும், ஜனவரியில் ஒன்று ழானிடம் போய் இருப்பேன், இல்லையென்றால் 'மற்றவளிடம்' இருப்பேன். அந்த மற்றவர் நடிகை மாரி டோப்ரன் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. கூர்பே ஓர்னானில் உட்கார்ந்து போதலேருக்குப் பக்கத்தில் ழானை வைத்துக்கொண்டிருந்ததும், போதலேர் பாரிஸில் ழானா மற்றவரா என்று ஊசலாடிக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய ஒரே சமயம்.

போதலேர் கேட்டுக்கொண்டதால் கூர்பே ழானின் உருவத்தை மறைத்தார் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். நான் அதை நம்புகிறேன், தேதிகளும் அதற்கு ஒத்துவருகின்றன. எந்தப் பெண்ணோடு வாழப்போகிறோம் என்று முடிவாகாத நேரத்தில், ஊரே பார்க்கப்போகும் ஆறு மீட்டர் ஓவியத்தில் ஒருவரோடு சேர்த்து நிறுத்தப்படுவதை யார்தான் விரும்புவார்? தாய் வேறு ழானை அடியோடு வெறுத்தார். 1844 முதல் போதலேருடைய சொத்தைக் கையாளும் உரிமை குடும்பம் நியமித்த நோட்டரி ஆன்செலிடம் இருந்தது. மாதாமாதம் கைநீட்டிப் பணம் வாங்குகிற மனிதருக்கு, உறவு பகிரங்கமாவது வெறும் மானப் பிரச்சினை மட்டுமல்ல.

ழானின் நிறத்தைக் கண்டு வெட்கப்பட்டுத்தான் அழிக்கச் சொன்னார் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதை என்னால் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரண்டே ஆண்டுகளில் அதே பெண்ணின் கருமையையும் கூந்தலையும் உடலையும் அச்சில் பாடி, அதற்காக நீதிமன்றம் ஏறி, 300 பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டவர் அவர். அதற்காக அவரைத் தூக்கி வைக்கவும் மாட்டேன். கவிதையில் வரும் பெண் அவர் விருப்பப்படி நின்றார். ஓவியத்தில் இருந்தவர் வேறொருவர் கண்ணுக்குத் தெரிந்தபடி, தன் பாட்டுக்குக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டாவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்பது என் எண்ணம்.

கூர்பே பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. ஓவியம் என்பது கண்முன் உள்ள, உண்மையாக இருக்கும் பொருள்களைக் காட்டும் கலை, வேறெதுவும் அல்ல என்று பின்னாளில் எழுதியவர் அவர். அவரே இந்த ஓவியத்துக்கு 'மெய்யான உருவகம்' என்ற பொருளில் துணைத்தலைப்பு வைத்தார், தன் கலை வாழ்வின் ஏழு ஆண்டுகளை இது காட்டுகிறது என்றும் அதில் சேர்த்தார். அந்த ஏழு ஆண்டுகளில் ழான் இருந்தார். நண்பரின் சொல்லுக்காக அந்த உண்மையின்மேல் பழுப்புச் சாயத்தை இழுத்தார். நட்புக்காகச் செய்ததுதான். ஆனாலும் யதார்த்தம் என்ற சொல்லைக் கொடியாகப் பிடித்தவர் செய்தது அது.

அழித்தது ஏன் இப்போது தெரிகிறது? இதில் மர்மம் ஒன்றுமில்லை, வேதியியல்தான். கூர்பே பழைய உருவத்தைச் சுரண்டி எடுக்கவில்லை. அதன்மேல் சுவரின் நிறத்தைப் பூசினார், அவ்வளவுதான். எண்ணெய்ச் சாயம் என்பது ஆளிவிதை எண்ணெயில் குழைத்த நிறப்பொடி. பூசிய புதிதில் எண்ணெயும் நிறப்பொடியும் ஒளியை வேறுவேறு அளவில் வளைப்பதால் ஒளி சிதறி, பூச்சு அடியில் இருப்பதை மறைக்கிறது. வருடங்கள் ஆக ஆக எண்ணெயின் ஒளிவிலகல் எண் கூடி நிறப்பொடியின் அளவை நெருங்குகிறது. சிதறல் குறைந்து ஒளி உள்ளே போய்விடுகிறது. ஈயவெள்ளை கலந்த சாயமாக இருந்தால் ஈயமும் எண்ணெயின் அமிலங்களும் சேர்ந்து ஒருவகைச் சோப்பாகி இன்னும் ஊடுதெரிய வைக்கின்றன. பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடத்தில் பின்பக்கத்து எழுத்து தெரிகிறதே, ஏறக்குறைய அதே ஒளியியல்தான் இங்கே மிக மெதுவாக வேலை செய்கிறது. ஓவியர்கள் இதைப் பென்டிமென்ட்டோ என்பார்கள். பழைய ஓவியங்கள் பலவற்றில் இடம் மாற்றிய கை, நகர்த்திய கால் என்று இப்படி வெளிவரும். ஒரு முழு ஆளே வெளிவருவது அபூர்வம்.

இந்த ஓவியம் பட்ட பாடும் குறைவல்ல. 1855 பாரிஸ் உலகக் கண்காட்சிக்குக் கூர்பே அனுப்பிய 14 ஓவியங்களில் 11-ஐத் தேர்வுக்குழு ஏற்றது. இதையும் 'ஓர்னானில் ஓர் அடக்கம்' என்ற இன்னொரு பெரிய ஓவியத்தையும் தள்ளிவிட்டது. கூர்பே அடங்கவில்லை. அரசுக் கண்காட்சிக்குப் பக்கத்திலேயே, மோந்தேன் அவென்யூவில், சொந்தச் செலவில் ஒரு கூடம் எழுப்பி 'யதார்த்தவாதம்' என்று பெயர்ப்பலகை மாட்டினார். நுழைவுக் கட்டணம் ஒரு பிராங்க். கூட்டம் வராததால் கட்டணம் பாதியாகக் குறைந்தது. ஆகஸ்ட் 3-ஆம் தேதி அங்கே போன மூத்த ஓவியர் தெலக்ருவா, ஏறக்குறைய ஒரு மணி நேரம் தன்னந்தனியாக நின்று பார்த்ததாகவும், தள்ளப்பட்ட ஓவியத்தில் ஒரு தலைசிறந்த படைப்பைக் கண்டதாகவும் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

போதலேர் என்ன சொன்னார்? அதே கண்காட்சியை ஒட்டி அவர் எழுதிய கட்டுரையில் கூர்பேயை வலிமைமிக்க உழைப்பாளி, முரட்டுத்தனமும் பொறுமையும் கலந்த மன உறுதி உள்ளவர் என்று ஒப்புக்கொண்டு, அடுத்த மூச்சில் கற்பனையைப் பலி கொடுத்துவிட்டார் என்று குற்றம் சாட்டினார். தான் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஓவியத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. நட்பு அறுந்துவிடவில்லை. 1859-இல் கூர்பே ஒரு பூங்கொத்து ஓவியத்தில் 'என் நண்பர் போதலேருக்கு' என்று எழுதிக் கொடுத்தார், அது இப்போது ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் இருக்கிறது.

கூர்பே வாழ்ந்த காலத்தில் இந்தப் பெரிய ஓவியம் விலைபோகவில்லை. அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து ஏலத்தில் போனது, கை மாறியது. ஒரு செல்வர் மாளிகையில் இருந்த சொந்த நாடக மேடைக்குப் பின்திரையாகக்கூட இது தொங்கியது. 1920-இல் பொதுமக்கள் நன்கொடையும் சேர்த்து லூவ்ருக்காக வாங்கினார்கள். ஓர்சே திறந்தபோது அங்கே வந்தது. 2014 முதல் 2016 வரை பார்வையாளர்கள் கண்ணெதிரிலேயே, கண்ணாடிச் சுவர்களுக்குள் வைத்து இதைச் சீர்படுத்தினார்கள். மஞ்சளேறிய பழைய வார்னிஷ் எடுக்கப்பட்டதில் பின்னணி முழுவதுமே துலக்கமாகியிருக்கிறது.

ஓவியத்தில் அழித்த பிறகு உறவு முடிந்ததா என்றால், இல்லை. அதற்குப் பின்னும் சேர்ந்து வாழ்ந்தார்கள். 1856 செப்டம்பரில் தாய்க்கு எழுதிய கடிதத்தில் பதினான்கு ஆண்டு உறவு முறிந்துவிட்டது என்கிறார் போதலேர். நான்காண்டுகளுக்கு முன் பூனைக்காகப் புலம்பிய அதே பேனா, இப்போது அழகான ஒரு பொருளையோ இடத்தையோ பார்த்தால் இதைச் சேர்ந்து பார்க்க, சேர்ந்து வாங்க அவள் பக்கத்தில் இல்லையே என்று தோன்றுகிறது என எழுதுகிறது. அவருடைய எல்லாக் கடிதங்களிலும் என்னை மிகவும் பாதித்தது இதுதான். 1859-இல் ழானுக்குப் பக்கவாதம் வந்தது. போதலேர் அவரை மருத்துவமனையில் சேர்த்து, கட்டணத்துக்கு அலைந்தார். 1860 கடைசியில் நெய்யி பகுதியில் மறுபடி ஒரே வீட்டில் இருந்து பார்த்தார்கள். திடீரென்று முளைத்த 'அண்ணன்' ஒருவர் பொழுதெல்லாம் ழானின் அறையிலேயே இருந்ததால், சில வாரங்களில் போதலேர் வெளியேறினார். பிறகு பிரஸ்ஸல்ஸில் இருந்தபோதும் ழானுக்குப் பணம் அனுப்பும்படி ஆன்செலுக்கு எழுதினார்.

இருவரையும் சேர்த்துக் காட்டும் ஓவியம் கூர்பேயினுடையது ஒன்றுதான். ழானைத் தனியாகப் பார்க்க விரும்பினால் புடாபெஸ்ட் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். எட்வார் மானே 1862-இல் வரைந்த ஓவியம் அங்கே இருக்கிறது. மானே இறந்ததும் அவர் பணிக்கூடத்தில் எடுத்த பட்டியலில் அது 'சாய்ந்திருக்கும் போதலேரின் காதலி' என்று பதிவாகியிருந்தது. மிகப் பெரிய வெள்ளைப் பாவாடை விரிந்து பாதிப் படத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே சின்னதாக, இறுகிப்போன கறுத்த முகம். ஒரு கை சோபாவின் முதுகை நீளப் பற்றியிருக்கிறது, இன்னொரு கையில் விசிறி. பாவாடையின் விளிம்பில் ஒரு பாதம் விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் பூவேலை செய்த மெல்லிய திரை. கவிதைகளில் பாம்பைப் போல அசைந்து நடந்தவர் இவர் என்று நம்பவே முடியாது. பக்கவாதத்துக்கு மூன்றாண்டுகளுக்குப் பின் வரைந்தது என்பதை நினைத்தால் அந்தப் பாதமும் அந்தக் கையின் பிடிப்பும் புரியும். இது ழான்தானா என்று ஐயப்படும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு அந்த ஐயம் இல்லை. மானே போதலேரின் நெருங்கிய நண்பர், அழகுபடுத்தவும் இல்லை, இழிவுபடுத்தவும் இல்லை. நோயுற்ற ஒரு பெண் நல்ல உடை உடுத்தி, நேராகப் பார்த்துக்கொண்டு, பொறுத்துக்கொண்டு இருக்கிறார். கூர்பே தொடங்கி நிறுத்திய யதார்த்தத்தை மானே முடித்துவைத்தார் என்று தோன்றுகிறது.

போதலேரும் மையால் ழானைச் சில தடவை வரைந்திருக்கிறார். நன்றாகவே வரைவார். ஒன்றில் லத்தீனில் ஒரு தொடரைச் சேர்த்திருக்கிறார். பேதுருவின் முதல் நிருபத்தில் சாத்தானைக் கெர்ச்சிக்கிற சிங்கத்துக்கு ஒப்பிட்டு 'எவனை விழுங்கலாமோ என்று வகைதேடி' என்று வருமே, அந்தத் தொடர். வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் பலர் இதையும் தாயின் வசைகளையும் பிடித்துக்கொண்டு ழானை ஒரு பிசாசாகவே ஆக்கிவிட்டார்கள். கவிஞரை உறிஞ்சிக் குடித்தவள், அறிவில்லாதவள், பணம் பிடுங்கி. ஒரே மனிதர் எழுதிய உயிலையும் புலம்பலையும் ஏக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவர்கள் அப்படி எழுதியிருக்க முடியாது. கடந்த சில பத்தாண்டுகளில் நிலைமை மாறியிருக்கிறது. கறுப்பினப் பெண் கலைஞர்களான லொரெய்ன் ஓ'கிரேடி, மாட் சல்ட்டர் இருவரும் ழானை மையமாக வைத்துப் படைப்புகள் செய்தார்கள். 2019-இல் ஓர்சே அருங்காட்சியகமே பிரெஞ்சு ஓவியங்களில் வரும் கறுப்பின மாடல்களைப் பற்றி ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. நாதாரின் கூற்றுப்படி, ஊன்றுகோல்களோடு தெருவில் தள்ளாடி நடந்த ழானை அவர் கடைசியாகப் பார்த்தது 1870-இல். போதலேர் இறந்து அப்போது மூன்று ஆண்டுகள்.

பாரிஸ் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஓவியத்துக்கு நேர் எதிரே நடுவில் நின்றால் கூர்பேயும் மாடலும்தான் கண்ணை இழுப்பார்கள். வலது ஓரத்துக்குப் போய்ச் சற்றுப் பக்கவாட்டில் நின்று, விளக்கின் பளபளப்பு படாத கோணத்தில் பாருங்கள். முதலில் சால்வைச் சீமாட்டி, பிறகு ஜன்னல் காதலர்கள், அப்புறம் போதலேரின் தலை, அதன் பக்கத்துச் சுவர் என்று அதே வரிசையில் கண்ணை நகர்த்தினால் மூன்றாவது ஜோடி தானாகக் கிடைத்துவிடும். போக முடியாதவர்கள் இணையத்தில் கிடைக்கும் உயர்தெளிவுப் படத்தை இறக்கி, வலது கோடியைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கலாம். கைப்பேசியின் சின்னத் திரையில் தெரிவது கடினம், கணினியில் பாருங்கள்.